அவன் விட்டுப்போன அறுபத்தொன்று

மனிதர்கள் சொந்த வீட்டில் செய்யக் கூசுகிற அத்தனையையும் ஓட்டல் படுக்கை விரிப்பில் செய்துவிட்டுப் போகிறார்கள் என்பது முப்பது வருட அனுபவத்தில் ரிட்டன் அக்கா கண்ட முடிவு. விரிப்பின் ஓரத்தால் ஷூவைத் துடைக்கிறார்கள். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு ஈரத்தோடு தலையணையில் சாய்கிறார்கள். மூக்கைத் துண்டின் நடுவில் சிந்தி, அதை நல்ல பிள்ளைபோல நாலாக மடித்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்த மடித்து வைக்கிற கூட்டத்தைத்தான் அவளுக்கு அறவே பிடிக்காது. சுருட்டி எறிந்துவிட்டுப் போனால் அழுக்கு என்று பார்த்ததும் தெரியும். மடித்து வைத்தால் தொட்ட பிறகுதான் தெரியும்.

பதினொரு ஓட்டல்களின் துணி காலை ஐந்து மணிக்கு அந்தச் சலவைக்கூடத்தில் வந்து இறங்கும். துவைப்பது ஒரு பக்கம், காயவைப்பது ஒரு பக்கம், இஸ்திரி உருளை ஒரு பக்கம். எல்லாம் முடிந்து, பத்துப் பத்தாக அடுக்கி நாடா கட்டி, கடைசியில் அவள் மேஜைக்கு வரும். மேஜைக்கு மேல் இரண்டு டியூப்லைட். அவள் கட்டைப் பிரித்து நாலு மூலை, நடு, விளிம்பு என்று கையை ஓட்டுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள் என்று மேனேஜரே சொல்வார். உண்மையில் கண்ணைவிட அவள் மூக்குத்தான் பெரிய வேலைக்காரி. சோப்பையும் வெந்நீரையும் தாண்டி உட்கார்ந்திருக்கும் பழைய வியர்வையை ஒரு கை தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும்.

பத்தில் ஒன்றில் கறை இருந்தால் பத்தும் திரும்பத் துவைக்கப் போகும். இது அவள் போட்ட சட்டம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கெஞ்சிப் பார்ப்பார்கள்.

"ஒண்ணுதானேக்கா, அத மட்டும் எடுத்துடலாமே."

"இத மடிச்சது யாரு?"

"நான்தான்."

"மத்த ஒன்பதையும்?"

"அதுவும் நான்தான்க்கா."

"கறைய உள்பக்கம் வெச்சு மடிச்ச கை. அத நம்பி மத்த ஒன்பத எப்படி அனுப்புறது? ரிட்டன்."

அதனால்தான் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே ரிட்டன் அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் ரிட்டன். அவளுக்கு இரண்டும் தெரியும், இரண்டிலும் பெருமைதான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகா சாது. ஆனால் எதைத் தொட்டாலும் அரையும் குறையும். வீட்டு நடைவழியில் ஒரு சுவர் பாதி நீலம், பாதி பழைய மஞ்சள். நீலம் அடிக்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. குளியலறை அலமாரியை நாலு திருகாணியில் மாட்ட வேண்டும். இரண்டு மாட்டிவிட்டு மூன்றாவதைத் தேடப் போனவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். குடித்த காபியில் கால் டம்ளர் மிச்சம் இருக்கும், அதில் ஆடை படிந்து ஈ உட்காரும். பேச்சும் அப்படித்தான். ஏதாவது சொல்ல வாயெடுப்பார். பாதியில் எங்கேயோ பார்ப்பார். "அது இருக்கட்டும்" என்று முடித்துவிடுவார். முப்பது வருடத்தில் அவர் இருக்கட்டும் என்று விட்டதையெல்லாம் சேர்த்துவைத்தால் வீட்டில் நிற்க இடமிருக்காது என்று அவள் சொல்வாள். அவரைப் பற்றி அவளுக்கு இருந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. அந்த டம்ளரைப் பார்க்கிறபோது வருகிற அதே அருவருப்பு.

மகன் ஒருவன். இருபத்தாறு வயது. இரண்டு வருடமாக வேறு ஊரில், பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை. அவன் படித்துப் பட்டம் வாங்கியிருக்க வேண்டியவன். கடைசித் தேர்வின் விடைத்தாளைக் கல்லூரிக்காரர்கள் தொலைத்துவிட்டு, அவன் தேர்வுக்கே வரவில்லை என்று சாதித்துவிட்டார்கள். அவள் விடவில்லை. மூன்று மனு எழுதினாள். மூன்றிலும் தேர்வுத் தேதியைத் தடிப்பாக எழுதி அடிக்கோடு போட்டாள். கல்லூரி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, "வருகைக் கையெழுத்தே இல்லம்மா" என்றபோது, "பேப்பரத் தொலைச்சுட்டு வாய் கூசாம பொய் சொல்றியே, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?" என்று மேஜையைத் தட்டிக் கேட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண் அழுததை இன்றும் ஒரு வெற்றியாகத்தான் நினைவில் வைத்திருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது புருஷன் வாயெடுத்தார். "அவன் அன்னிக்குக் காலைல..." என்றார். ஜன்னலைப் பார்த்தார். "அது இருக்கட்டும்" என்றார். பெற்ற பிள்ளைக்காக ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகப் பேசத் துப்பில்லாத மனுஷன் என்று அவள் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு மகனும் எதையும் முழுசாகச் செய்யவில்லை. படம் வரையும் வகுப்பில் சேர்ந்தான், விட்டான். செல்போன் கடையில் இருந்தான், விட்டான். எல்லாம் அந்தக் கல்லூரி செய்த கொடுமை, மிச்சம் அப்பன் ரத்தம் என்று அவள் முடிவு கட்டினாள். அவன் மேல் ஒரு தூசியும் ஒட்டவில்லை.

அவன் வேலைக்குக் கிளம்பிப் போனபோது டி.வி.க்குக் கீழே அவனுடைய வீடியோ கேம் பெட்டியை ஒயரும் தூசியுமாக விட்டுப்போனான். எடுத்து வைக்கலாம் என்று குனிந்தவள், வேலை செய்கிறதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினாள். கார் பந்தயம் ஒன்று வந்தது. பளபளவென்று கார்கள், பின்னால் மலை. திரையின் மூலையில் சின்னதாக ஒரு எண்: அறுபத்தொரு சதவீதம்.

இது என்ன என்று போனில் கேட்டாள்.

"மொத்தம் முந்நூத்தி முப்பத்திமூணு பந்தயம்மா. எல்லாத்துலயும் தங்கம் வாங்கினா நூறு. நான் பாதி வரைக்கும் போட்டேன், அப்புறம் போரடிச்சுது."

"பாதியில விட்டா எப்படிடா?"

"கேம்தானேம்மா!"

அவள் பெட்டியை அணைத்தாள். ஆனால் மறுநாள் மேஜையில் விரிப்பைத் தடவுகிறபோதெல்லாம் மூலையில் அந்த அறுபத்தொன்று தெரிந்தது. மூலையில் எது இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள்.

சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாதவள். முதல் இரண்டு மாதம் கார் சாலையில் ஓடியதைவிடப் புல்லில் நின்றது அதிகம். சுவரை முட்டியது, கடலில் விழுந்தது, ஒருமுறை பின்பக்கமாகவே எல்லைக் கோட்டைத் தாண்டியது. புருஷன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். "பிரேக்க முன்னாடியே..." என்பார். "அது இருக்கட்டும்" என்பார். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

மெல்ல மெல்லக் கை பழகியது. வளைவுக்கு முன்னால் எந்த மரத்தில் பிரேக் போட வேண்டும், எந்த மண்மேட்டில் கியரை இறக்க வேண்டும் என்று பாதை பாதையாக மனப்பாடம் செய்தாள். அந்த விளையாட்டில் சோம்பேறிகளுக்கென்று சில உதவிகள் உண்டு. வளைவு வந்தால் தானே பிரேக் போடும். ஸ்டியரிங்கைத் தானே திருப்பும். அதையும் மீறி முட்டிக்கொண்டால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நேரம் பின்னோக்கி ஓடி, முட்டாத இடத்தில் கொண்டுவந்து விடும். இப்படியெல்லாம் வாங்கிய தங்கத்தையும் விளையாட்டு வெட்கமில்லாமல் நூற்றில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு பதிவுப் பக்கம் இருந்தது. எந்தக் கார், எத்தனை நிமிடம், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன உதவி, எத்தனை முறை பின்னோக்கினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அவள் ஒவ்வொரு தங்கத்துக்குப் பிறகும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். உதவி: இல்லை. பின்னோக்கு: பூஜ்யம். வெளுத்த விரிப்பை வெயிலில் தூக்கிப் பிடித்ததுபோல இருக்கும்.

மகன் போட்டு வைத்த இருநூற்று மூன்று பந்தயங்களின் பக்கம் அவள் போகவே இல்லை. அவன் முடித்தது முடித்ததுதானே.

இரண்டு வருடத்தில் நூற்று இருபத்தொன்பது தங்கம். மூலையில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு. மிச்சம் ஒன்றே ஒன்று: பனிமலைப் பாதை. ஏழு நிமிடம் நாற்பது வினாடிக்குள் மலை ஏறி இறங்க வேண்டும். கடைசிக்கு முந்தின வளைவில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். நாற்பது நாளாக அந்த வளைவு அவளைப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தது.

"அத எவனாலயும் முடிக்க முடியாதும்மா, விடு" என்றான் மகன் போனில். "ஞாயித்துக்கிழம வர்றேன். துணியெல்லாம் சேந்து போச்சு."

"நீ வர்றப்ப நூறு இருக்கும் பாரு."

சொல்லிவிட்டாள். சலவைக்கூடத்திலும் சொல்லிவிட்டாள். அறுபத்தொன்று என் பையன் போட்டது, மிச்சம் முப்பத்தொன்பது நான் போட்டது, ரெண்டு பேரும் சேர்ந்து நூறு என்று இஸ்திரி உருளைக்காரி முதல் வண்டி ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் தெரியும். அம்மாவும் பிள்ளையுமாக ஒன்றை முழுசாக முடித்தார்கள் என்று ஆக வேண்டும். அந்த வீட்டில் அப்படி ஒன்றாவது இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தபோது புருஷன் தலைவாரிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. காபி டம்ளர் காலியாக இருந்தது. அதுவே சரியில்லை.

"மூலையில பாரு" என்றார்.

நூறு.

ஒரு கணம் அவள் நெஞ்சு எகிறியது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த கணம் கை தானாகப் பதிவுப் பக்கத்துக்குப் போயிற்று. பனிமலைப் பாதை. ஏழு நிமிடம் முப்பத்தொன்பது வினாடி. தேதி: இன்று. உதவி: பிரேக், ஸ்டியரிங், கியர் எல்லாம். பின்னோக்கு: இருநூற்றுப் பன்னிரண்டு.

"சீ!" என்றாள்.

"மூணு வாரம்" என்றார் அவர். "நீ வேலைக்குப் போனதும் உக்காந்துடுவேன். இன்னிக்குத்தான் வந்துச்சு."

"இருநூத்திப் பன்னெண்டு தடவ முட்டிட்டு, முட்டலேன்னு அழிச்சுட்டு வந்திருக்கீங்க. இதுக்குப் பேரு முடிச்சதா?"

"நூறுன்னு காட்டுதுல்ல?"

"கறைய உள்பக்கம் வெச்சு மடிச்சாலும் வெள்ளையாத்தான் காட்டும்! எத்தன பொம்பளைங்கள நான் இதுக்கு அழ வெச்சிருக்கேன். என் வீட்டுக்குள்ளயே பண்ணி வெச்சிருக்கீங்களே, குமட்டுதுங்க."

அவர் முகம் சின்னதாகிப் போயிற்று. "உனக்காகத்தான் பண்ணேன். நான் இந்த வீட்ல ஒண்ணையாவது..." என்றார். ஆனால் இந்த முறை அது இருக்கட்டும் என்று சொல்லவில்லை. "ஒண்ணையாவது முடிச்சேன்னு இருக்கட்டுமேன்னுதான்" என்று முடித்துவிட்டு எழுந்து போனார். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு ஒரே கேள்விதான்: இந்த மனுஷன் வேறு எதிலெல்லாம் கையை வைத்திருக்கிறார்?

வெள்ளிக்கிழமை மதியம் சலவைக்கூடத்து ரிட்டன் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றில் கறை என்றால் மொத்தக் கட்டையும் பிரிக்க வேண்டும். முதலில் தன்னுடையதைப் பிரித்தாள். நூற்று இருபத்தொன்பதும் சுத்தம். அவர் கை வைத்தது அந்த ஒன்றில் மட்டும்தான் போல என்று கொஞ்சம் இறங்கி வந்தாள். மிச்சத்தையும் ஒப்புக்குப் பார்த்துவிடலாம் என்று மகன் போட்ட முதல் பந்தயத்தைத் திறந்தாள்.

உதவி: எல்லாம். பின்னோக்கு: நாற்பத்து நான்கு.

புருஷன் வேலைதான் என்று பல்லைக் கடித்தாள். அப்புறம் தேதியைப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு முந்தியது. அப்போது அவர் இந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. காலை ஆறுக்கு மீட்டர் பார்க்கக் கிளம்பினால் மாலைதான் வருவார்.

அடுத்ததைத் திறந்தாள். உதவி: எல்லாம். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. துறைமுகப் பாதையில் பின்னோக்கு நானூற்றுக்கு மேல். நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஐம்பது தாண்டியபோது கோடு போடுவது கையில் வலித்தது. இருநூற்று மூன்றில் முப்பத்திரண்டுதான் சுத்தம். அந்த முப்பத்திரண்டும் ஒரு சின்னக் குழந்தைகூட ஓட்டிவிடுகிற நேர்சாலைகள்.

சின்ன வயது, ஏதோ விளையாட்டு, தெரியாமல் செய்திருப்பான் என்று சப்பைக்கட்டு கட்டப் பார்த்தாள். தன் மேஜையில் வந்து யாராவது இப்படிப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்ததும் வாய் கசந்தது.

கடற்கரைப் பாதையின் பக்கத்தில்தான் அந்தத் தேதி இருந்தது.

முதலில் எங்கேயோ பார்த்த தேதி என்று மட்டும் தோன்றியது. பிறகு அது தன் கையெழுத்தில் தெரிந்தது. தடிப்பாக, அடிக்கோடு போட்டு, மூன்று மனுவில். "மேற்படி தேதியன்று காலை என் மகன் எழுதிய விடைத்தாளை" என்று தொடங்கும் வரியில். விளையாட்டு தேதியோடு நேரத்தையும் எழுதி வைத்திருந்தது. காலை பத்து நாற்பத்திரண்டு. தேர்வு பத்து மணிக்கு. கல்லூரிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்.

பத்து நாற்பத்திரண்டுக்கு அவன் இந்த அறையில், இந்த நாற்காலியில், ஸ்டியரிங்கைத் தானே திருப்பிக்கொள்ளும் காரில் கடற்கரையோரம் போய்க்கொண்டிருந்தான்.

அவளுக்கு உடனே அழுகை வரவில்லை. கல்லூரி அலுவலகத்து மேஜை ஞாபகம் வந்தது. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது, பதிவேட்டை மூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தது, தான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தது. நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா. எவ்வளவு திமிராகக் கேட்டோம். அருவருப்பு இப்போது போய் நிற்க வேறு இடமே இல்லாமல் அவள் மேலேயே வந்து ஏறியது.

"ஏங்க, கொஞ்சம் வாங்க" என்றாள்.

அவர் வந்து வாசற்படியில் நின்றார். நேற்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

"நான் காலேஜுக்குப் போய்ச் சண்ட போட்டுட்டு வந்த அன்னிக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. அவன் அன்னிக்குக் காலைலன்னு ஆரம்பிச்சீங்க."

அவர் திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"அது இருக்..."

"இருக்க வேணாம். சொல்லுங்க."

"பரீட்ச அன்னிக்குக் காலைல மழ. குடைய விட்டுட்டுப் போயிட்டேன்னு பாதியில திரும்பி வந்தேன். இவன் இங்க உக்காந்து ஆடிட்டு இருந்தான். மதியந்தாம்ப்பா பரீட்சன்னு சொன்னான். நானும் நம்பிட்டேன். அப்புறம் நீ போய் மேஜையத் தட்டிட்டு வந்து நிக்கிற. எப்படிச் சொல்றது?"

"வாயத் தொறந்து சொல்றது!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்கமாட்டாள். பெற்ற பிள்ளை மேல் பழி போடுகிறார் என்று அதற்கும் சேர்த்து இரண்டு வேளை பட்டினி கிடந்திருப்பாள்.

"உனக்கு என்கிட்ட எதுவுமே சுத்தமா இல்ல. அவன்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு" என்றார் அவர். "அதையும் நான் வந்து கெடுக்கணுமான்னு விட்டுட்டேன். தப்புதான்."

முப்பது வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. தப்புதான் என்பது அவளுக்கும் தோன்றியது. ஐந்து வருடம் அந்தப் பொய்க்கு இவரும் காவல் இருந்திருக்கிறார். அதற்காக அவரைத் திட்ட வேண்டும். ஆனால் திட்டுவதற்கு அன்று அவளிடம் பலம் இல்லை. நாலு மூலை, நடு, விளிம்பு என்று ஊரான் வீட்டுத் துணியையெல்லாம் தடவிப் பார்த்தவள், தன் வீட்டில் ஒரே ஒரு கட்டை மட்டும் பிரிக்காமல் முத்தமிட்டு அலமாரியில் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் அழிக்க உட்கார்ந்தாள். பதிவு முழுவதையும் நீக்கவா என்று விளையாட்டு கேட்டது. ஆம் என்றால் பொத்தானைப் பத்து வினாடி விடாமல் அழுத்தியிருக்க வேண்டும் என்றது.

"உன்னோட நூத்தி இருபத்தொம்பதும் போயிடுமா?" என்றார் புருஷன்.

"போயிடும். பத்துல ஒண்ணுன்னாலே மொத்தமும் ரிட்டன். இதுல பாதிக்கு மேல கறை."

"நான் போட்டதும் போயிடும்."

"அதுவுந்தான்."

"இரு, ஒரு தடவ பாத்துக்கறேன்" என்று திரைக்குக் கிட்டத்தில் போய், மூலையில் இருந்த நூறைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "ம், அழுத்து."

அழுத்தினாள். பத்து வினாடி என்பது இரண்டு வருட மதியங்களைப் போக்கக் கொஞ்ச நேரம்தான். மூலையில் பூஜ்யம் வந்தது. அவள் முதல் பந்தயத்தைத் திறந்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். "பிரேக்க அந்த மஞ்ச பலகைக்கு முன்னாடியே போடு, அப்பத்தான் உள்பக்கமா திரும்பும்" என்றார். சரியாகத்தான் இருந்தது. அவள் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மகன் வந்தான். எப்போதும்போலத் தோளில் பெரிய பை. எப்போதும்போல அதை நடைவழியில், பாதி நீலச் சுவருக்குக் கீழே, தொப்பென்று போட்டான். செருப்பை ஒன்று அங்கே ஒன்று இங்கே என்று கழற்றிவிட்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"எங்க, நூறக் காட்டு பாப்போம்."

மூலையில் புள்ளி ஒன்பது. மூன்று பந்தயம் முடிந்திருந்தது.

"அய்யோ, என்னம்மா! எல்லாம் போச்சா?"

"போகல. வெளுக்கப் போட்டிருக்கேன்."

"நான் எவ்வளவு கஷ்டப்பட்டு அறுபத்தொண்ணு போட்டேன் தெரியுமா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். சிரிக்கிற முகம். தேதியைச் சொன்னாள். வருடம், மாதம், நாள், பத்து நாற்பத்திரண்டு, கடற்கரைப் பாதை, உதவி எல்லாம், பின்னோக்கு இருபத்தாறு.

அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது, எடுக்க ஆளில்லாமல். அப்பாவைப் பார்த்தான். அப்பா இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தார்.

"பழைய கதைய எதுக்கும்மா இப்ப?" என்றான் கடைசியில். "அன்னிக்கு எனக்கு ஒண்ணும் படிச்ச மாதிரியே இல்ல. போனா ஃபெயிலாத்தான் ஆகியிருப்பேன். நீ அவ்வளவு நம்பிக்கையா இருந்தே. எப்படிச் சொல்றது?"

அப்பனும் பிள்ளையும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். எப்படிச் சொல்றது. ஆக, இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாதபடி நின்றிருந்தது தான்தானா என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கையையே தொடப் பிடிக்கவில்லை.

"அந்தக் காலேஜ் பொண்ணு என் முன்னால அழுதுச்சு" என்றாள். "நாளைக்கு லீவு போட்டிருக்கேன். நான் போய் மன்னிப்புக் கேக்கப் போறேன். நீயும் வர்றே."

"அவங்க இன்னும் அங்க இருப்பாங்களா என்ன?"

"இல்லேன்னா எங்க இருக்காங்கன்னு கேட்டுட்டுப் போவோம்."

எழுந்து நடைவழிக்குப் போனாள். பழக்கம்தான். அவன் வந்தால் முதல் வேலை பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய் மெஷினில் கொட்டுவது. இரண்டு வருடமாக ஒருமுறைகூட மாறியதில்லை. குனிந்து ஜிப்பை இழுத்தாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. மூன்று மாதத்து வியர்வை, ஈரத்தோடு அமுக்கிய துண்டு, காலுறை, எதையோ கொட்டித் துடைத்துப் பூசணம் பிடித்த சட்டை. அந்தச் சட்டையை மட்டும் கறை உள்ளே இருக்கும்படி அழகாக மடித்து மேலே வைத்திருந்தான். அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கை தூரத்தில் பழைய வியர்வையைக் கண்டுபிடிக்கிற மூக்கு. இரண்டு வருடமாக இந்தப் பையைத் திறந்திருக்கிறாள், இதே நாற்றம்தான் இருந்திருக்கும். ஒருநாளும் அடித்ததில்லை.

ஜிப்பை மூடினாள். பையை இழுத்துக்கொண்டு வந்து அவன் காலடியில் வைத்தாள்.

"ரிட்டன்" என்றாள்.

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். அம்மாவும் சிரிக்கவில்லை, அப்பாவும் சிரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். இரண்டு திருகாணியில் தொங்கும் அலமாரி அவன் தலையில் இடித்தது. மெஷின் மூடியைத் திறந்து, அதற்குள் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றான்.

"அம்மா, சோப்பு எவ்வளவு போடணும்?" என்று அங்கிருந்தே கேட்டான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து நாலாவது பந்தயத்தைத் திறந்தாள். "டப்பாவுல எழுதியிருக்கு, முழுசாப் படி" என்றாள்.